வாசலில் நின்ற அடுப்பு

மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்ததாலேயே கெட்டுப்போன காரியம் ஒன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. மூவரில் ஒருவர் சோம்பேறியாக இருந்திருந்தால்கூட அது உருப்பட்டிருக்கும்.

எங்களுக்கு வீடு போடியில். போடிமெட்டு தாண்டி மலைச்சரிவில் ஏலத்தோட்டம். பச்சை ஏலக்காயைப் பறித்த கையோடு சூட்டில் உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் செத்துவிடும். உலர்த்துவதற்கென்று கட்டும் அறையை ஸ்டோர் என்போம். எங்களுக்கு ஸ்டோர் கிடையாது. வருஷா வருஷம் காய் மூட்டையோடு பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாசலில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். அந்த அவமானம் பொறுக்காமல்தான் தாத்தா ஒரு ஸ்டோருக்கு அஸ்திவாரம் போட்டார். போட்ட வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்த கையோடு சித்தப்பா பாகம் பிரிக்கலாம் என்று பேச்செடுத்தார். அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூத்தவரான பெரியப்பா மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே, "அய்யா ஆரம்பிச்ச ஸ்டோரு முடியட்டும்டா. அடுப்ப ஏத்துன மறுமாசமே பிரிச்சிக்கிருவோம்" என்றார். தம்பிகள் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. பாகம் பிரிப்பது என்றால் பணியாரத்தைப் பங்கு வைப்பது போல ஏதோ ஒன்று என்றும், எங்கள் தட்டில் ஒன்று கூட விழுந்தால் நல்லது என்றும் நினைத்துக்கொண்டேன்.

வேலையைப் பெரியப்பாவே பிரித்துக் கொடுத்தார். சுவரும் வாசலும் அவர் பொறுப்பு. இரும்பு அடுப்பும், அதிலிருந்து அறையைச் சுற்றி ஓடுகிற தகரக் குழாயும் அப்பாவின் பொறுப்பு. கூரை சித்தப்பாவுடையது. "ஒருத்தன் சோலியில ஒருத்தன் தலையிடக் கூடாது. அதுதேன் மரியாதை" என்று வேறு சொல்லிவிட்டார். தம்பிகள் இரண்டு பேருக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுப்படியில் அம்மாதான், "மூணு பேரும் மொதலாளின்னா வேல பாக்குறது ஆரு?" என்று முணுமுணுத்தாள்.

இத்தனைக்கும் பெரியப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு கிளம்புவதென்றால், எந்த ஊரில் கட்டுச்சோற்றைப் பிரிப்பது, பஸ்சில் யாருக்கு வாந்தி வரும், அவரை எந்த ஜன்னலோரம் உட்கார வைப்பது என்பது வரை முதல் நாளே தீர்மானம் ஆகியிருக்கும். வாந்தியும் அவர் சொன்ன ஆளுக்குத்தான் வரும்.

ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போடியில் அடுப்பு செய்கிற பட்டறைக்குப் போனார். அப்பா அங்கே இல்லை. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அடுப்பின் அகலத்தை அளந்து, அந்த அளவில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு இருவரும் ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறினோம். ஸ்டோரில் கொத்தனார் வாசல் நிலையை நிறுத்திக்கொண்டிருந்தார். பெரியப்பா அதே துண்டை நிலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முடிச்சு நிலையைத் தாண்டி ஒரு சாண் வெளியே தொங்கியது.

"பத்தல பெரியப்பா" என்றேன்.

"சரியாத்தேன் இருக்கு ஆத்தா. அளந்தத ஆருட்டயும் சொல்லிறாத" என்று சொல்லிவிட்டு, இறங்குகிற வழியில் ஒரு பொட்டலம் தேன்மிட்டாய் வாங்கித் தந்தார். மிட்டாய் கிடைத்த பிறகு எனக்கென்ன கேள்வி?

அடுப்பு வந்து இறங்கிய அன்று ஊர்க்கூட்டமே தோட்டத்தில் இருந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். சித்தப்பா அவசரப்பட்டு முதல் காயையும் பறித்து மூட்டை கட்டி வைத்திருந்தார். ஆள்கள் அடுப்பைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். நேராக வைத்தால் போகவில்லை. சாய்த்தால் போகவில்லை. தலைகீழாகவும் பார்த்தார்கள். அப்பாவின் முகம் அடுப்பைவிடக் கறுத்துவிட்டது.

வாசலை இடிக்கலாம் என்றால் அது அண்ணன் கட்டிய சுவர். தம்பி எப்படி வாய் திறப்பது? அடுப்பை அறுக்கலாம் என்றார் சித்தப்பா. "ஒன் சோலியப் பாருடா" என்றார் அப்பா. அப்படியானால் கூரை வழியாக இறக்கலாம் என்றார் அப்பா. கூரைத் தகரத்தில் எவனாவது கை வைத்தால் நடப்பதே வேறு என்று சித்தப்பா எகிறினார். பெரியப்பா பொதுவாக, "மூணு பேரும் ஒத்து வந்தாத்தேன் எதையும் செய்யணும். கூடிப் பேசுவோம்" என்றார். காய் மூட்டை வழக்கம்போல பக்கத்து ஸ்டோருக்குப் போனது. போடி கடைத்தெரு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு ஒரு வருஷம் பேசினார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று குடும்பமும் ஒரே ஜீப்பில் அடைந்துகொண்டு மலைக்குப் போவோம். ஆண்கள் அடுப்பைச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். பெரியம்மாவும் அம்மாவும் சித்தியும் கல் கூட்டிக் கோழிக்குழம்பு வைப்பார்கள். சண்டை ஓய்கிற நேரத்துக்குச் சோறு வெந்திருக்கும். ஒரே வாழையிலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாங்கள் பிள்ளைகள் அடுப்புக்குள் ஒளிந்து விளையாடுவோம். பிறகு ஒரு நாய் அதில் குட்டி போட்டு எங்களை விரட்டிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருஷம் போல எனக்கு இன்னொரு வருஷம் வாய்க்கவில்லை. பரிமாறுகிற பெரியப்பாவின் முகத்திலும் தோல்வியின் நிழலே இருக்காது.

மறுவருஷம் காய் எடுப்பு நெருங்கியபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு ஆளு சொல்லணும், மத்தவக கேக்கணும். இல்லேன்னா இது வெளங்காது" என்று கத்தினார். சித்தப்பாவும் ஆமாம் என்றார். பெரியப்பா அந்த அடுப்பை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "சரிப்பா, நீயே பாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரிவில் இறங்கி ஓடைப்பக்கம் போய்விட்டார்.

அப்பா தரையில் கரியால் கோடு போட்டு, எது முதலில், எது பிறகு என்று ஆள்களுக்கு விளக்கினார். கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள், வாசலோரம் செங்கல்லை உருவினார்கள், நாயையும் குட்டிகளையும் சாக்கில் ஏந்தி இடம் மாற்றினார்கள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அடுப்பு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு வருஷம் பேசிய காரியம்! எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பா அப்பாவைக் கட்டிப்பிடித்து, "அடுத்த மாசம் பாகப் பத்திரத்த எழுதிற வேண்டியதுதேண்ணே" என்றார்.

இந்த நல்ல சேதியைப் பெரியப்பாவிடம் யார் முதலில் சொல்வது? வேறு யாரும் முந்திவிடக் கூடாதென்று நான் ஏலச்செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடினேன். அவர் ஓடைக்கல்லில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா! அடுப்பு உள்ள போயிருச்சு!"

அவர் திரும்பவில்லை. "போயிருச்சா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு நல்ல சேதிக்கு ஒரு பொட்டலம் தேன்மிட்டாயாவது கிடைக்கும் என்று, மூச்சு வாங்கிக்கொண்டே அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன்.