மிளகாய் வறுக்கும் ஸ்லைடர்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு குமிழ், குமிழை விரலால் தள்ளினால் ஏதோ ஒன்று கூடும் அல்லது குறையும். அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். அதற்கு ஸ்லைடர் என்று பெயர். உங்கள் கைப்பேசியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இருப்பதும் அதுதான். "இதுக்கா காலேஜ் போய்ப் படிச்ச?" என்று என் சித்தப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோடு போடுவது ஒரு நிமிஷ வேலை. எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும், ஒரு தட்டுக்கு எவ்வளவு நகர வேண்டும் என்று அதற்குப் புத்தி சொல்வதற்குத்தான் மீதி நாள் முழுக்கப் போகும். வாடிக்கையாளருக்குத் திரை செய்து கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நாம் ஒரே சாதி.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். மொத்தம் நான்கு பேர். மேலாளர் பிரகாஷ் வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசுவார், திட்டு வாங்க நான் போவேன். இங்கே சொல்வதெல்லாம் ஒரே வாடிக்கையாளரிடம் நடந்தவை. கிள்ளானில் மசாலாத்தூள் அரைக்கும் ஒரு ஆலை. அங்கே மிளகாய் வறுக்கும் பெரிய எந்திரத்துக்குப் பழைய பொத்தான்களை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைத்தோம்.

நூறு எங்கே?

முதலில் வைத்தது, வறுக்கும் உருளையின் வேகத்துக்கு ஒரு ஸ்லைடர். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஸ்லைடர் ஆயத்தமாகவே கிடைக்கும். எடுத்து அப்படியே வைத்தால் பூஜ்யத்தில் தொடங்கித் தொண்ணூற்றொன்பதில் நின்றுவிடும். நூறு வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. கவனிக்கவும் இல்லை.

ஆலை முதலாளி முத்தையா கவனித்தார். அறுபது வயதுக்காரர், கண்ணாடி போடாமலே எதையும் கண்டுபிடித்துவிடுவார். குமிழைக் கடைசிவரை தள்ளிவிட்டு எனக்குப் போன் செய்தார். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆகவே தொண்ணூற்றொன்பது வரை மொத்தம் நூறு எண்கள் இருக்கின்றன என்று நான் விளக்கினேன். தப்பை ஒப்புக்கொள்வதைவிட அது சுலபமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எண்ணிக்கையெல்லாம் சரிம்மா. என் மிஷின்ல நூறு இருக்கு, உன் கோட்டுல இல்ல. இப்ப நான் மிஷின மாத்தணுமா, நீ கோட்ட மாத்துறியா?"

மேலே போனால் சூடா?

அடுத்தது சூட்டுக்கான ஸ்லைடர். வெப்பமானி மாதிரி இருக்கட்டும் என்று அதைச் செங்குத்தாக நிறுத்தினேன். மேலே தள்ளினால் சூடு கூடும். முதலாளிக்குப் பிடித்தது. ஆனால் எந்திரத்தை ஓட்டுவது முதலாளி இல்லை, செல்வி அக்கா. பதினோரு வருடமாக அந்த எந்திரத்தில் வறுப்பவர். பழைய எந்திரத்தில் ஒரு கைப்பிடி இருந்ததாம், கீழே இழுத்தால்தான் சூடு ஏறும். கை அதற்கே பழகிவிட்டது. "எனக்குக் கீழதான்மா சூடு" என்றார். முதலாளி, "உலகத்துல எங்கயாச்சும் கீழ போனா ஏறுமா?" என்றார்.

ஸ்லைடரைத் தலைகீழாக்க ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரே சொல்லை மாற்றினால் போதும். காலையில் செல்வி அக்கா கேட்டு மாற்றினேன், மத்தியானம் முதலாளி கேட்டுத் திருப்பினேன், சாயந்திரம் மறுபடி செல்வி அக்கா. மூன்றாவது தடவை பிரகாஷுக்குப் போன் செய்து, யார் சொல்வதைக் கேட்பது என்றேன். வாயில் எதையோ மென்றுகொண்டே அவர் சொன்னார்: "சண்டையே வேணாம் லா. கோட்டப் படுக்க வச்சிரு."

சொல்லி முடிக்கும் முன்

படுக்க வைத்த பிறகு வேறு வம்பு. சூட்டுக் குமிழை அறுபது டிகிரியிலிருந்து நூற்றுப்பத்துக்கு இழுத்தால், வழியில் இருக்கும் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று ஒவ்வொன்றையும் ஸ்லைடர் எந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டே போகும். இழுத்து முடிப்பதற்குள் ஐம்பது உத்தரவு. அடுப்பின் கேஸ் வால்வு டக் டக்கென்று திறந்து மூடி, கடைசியில் எதைக் கேட்பது என்று தெரியாமல் எந்திரம் தானே நின்றுவிட்டது. விரலை எடுத்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு அமைப்பு உண்டு. அதைப் போட்டதும் அடங்கியது.

செல்வி அக்காவிடம் இதை விளக்கினேன். முன்னே எந்திரம் அவர் முடிவு செய்யும் முன்பே கிளம்பிவிட்டது, இனி அவர் கையை எடுக்கும் வரை காத்திருக்கும். அக்கா தலையை ஆட்டினார். புரிந்தது என்பதற்கு அடையாளமாக ஒன்று சொன்னார்: "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்மா, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மோட்டர்சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவாரு. எங்க போறோம்னு அவருக்கே தெரியாது."

மூன்று வெள்ளிக்கிழமை

இரண்டு மாதம் சத்தமில்லை. வாடிக்கையாளர் போன் செய்யாமல் இருந்தால் நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மிளகாய் கருகியது. மிளகாய் கருகினால் ரகசியமாக வைக்க முடியாது. பக்கத்து டயர்க் கடையில் இருந்த சீனர்கள்கூட இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடி வந்தார்களாம். அடுத்த வெள்ளியும் கருகியது. அதற்கடுத்த வெள்ளியும்.

என்னை வரச் சொன்னார்கள். சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். எந்திரத்தில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் ஒரு பதிவை நான்தான் எழுதி வைத்திருந்தேன். திறந்து பார்த்தோம். மூன்று வெள்ளியும் காலையில், திரையிலிருந்துதான் சூடு ஏற்றப்பட்டிருந்தது. நூற்றுப்பத்தில் இருக்க வேண்டியது நூற்றுமுப்பது. "நான் தொடலைங்க" என்றார் செல்வி அக்கா. சூட்டை நூற்றுப்பத்தில் வைத்து மாதக்கணக்காகிறது, கருகிய பிறகு பழைய எண்ணுக்கு இறக்கியதைத் தவிர அதை யாரும் நகர்த்துவதே இல்லை என்றார். இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை குரல் சிறுத்துவிட்டது.

முதலாளி கத்தவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. இன்னும் ஒரு வெள்ளி பார்ப்பேன், கருகினால் வேறு ஆள் போடுவேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அக்காவைப் பார்க்காமல். அக்காவின் வீட்டுக்காரர் முதுகெலும்பு உடைந்து இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அக்கா பொய் சொல்கிறார் என்று நானும் அப்போது நினைத்தேன். பதிவை எழுதியது நான், என் பதிவை நான் நம்பாமல் வேறு யார் நம்புவது? திரையை விரலால் தட்டிக் காட்டி முதலாளி சொன்னார்: "மிஷினு பொய் சொல்லாதும்மா. மனுஷன்தான் சொல்லுவான்."

யாரும் வைக்காத பத்து

திங்கட்கிழமை அந்தப் பதிவை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். குமிழை இழுத்திருந்தால் நூற்றுப்பத்துக்கு அடுத்து ஏதாவது கோணல் எண் வந்திருக்கும், நூற்றிருபத்தேழு, நூற்றுமுப்பத்தொன்று என்று. விரல் அவ்வளவு கணக்காக நிற்காது. இங்கே மூன்று வாரமும் ஒரே மாதிரி: நூற்றுப்பத்து, நூற்றிருபது, நூற்றுமுப்பது. நடுவில் சில விநாடி இடைவெளி. ஸ்லைடரில் குமிழைத் தொடாமல் பக்கத்தில் இருக்கும் வெறும் கோட்டைத் தொட்டால், குமிழ் அந்தப் பக்கமாக ஒரு தாவு தாவும். எவ்வளவு தாவ வேண்டும் என்று நாம் சொல்லலாம். சொல்லாவிட்டால் அது பத்து. நான் சொல்லவில்லை. விரலை எடுக்கும்வரை காத்திரு என்று முன்பு போட்ட அமைப்பும் இதைத் தடுக்காது, ஏனென்றால் இங்கே யாரும் எதையும் இழுக்கவே இல்லை.

யாரோ இரண்டு தடவை கோட்டைத் தொட்டிருக்கிறார்கள். ஏன் தொட்டார்கள், ஏன் வெள்ளிக்கிழமை மட்டும், எனக்கு விளங்கவில்லை. ஆனால் அக்கா தெரியாமல் தொட்டிருக்கலாம் என்பது மட்டும் விளங்கியது. பிரகாஷிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். முதலாளிக்கு இன்னும் இரண்டு எந்திரம் இருக்கிறது, இரண்டுக்கும் நாங்கள்தான் திரை வைப்பதாகப் பேச்சு. சத்தமில்லாமல் மாற்றிவிடு, புதிய பதிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அக்காவின் வேலை என்னாகும் என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "பத்துன்னு நீயும் வைக்கல, அந்தக்காவும் வைக்கல. யாருமே வைக்காததுக்கு நாம ஏன் போய்த் தலைய குடுக்கணும்?"

சந்தனம் ஒன்று, குங்குமம் ஒன்று

நான்காவது வெள்ளி எட்டு மணிக்கெல்லாம் ஆலையில் இருந்தேன். முதலாளியும் வந்து நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. செல்வி அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஊதுபத்தி ஏற்றினார். வெள்ளிக்கிழமை எந்திரங்களுக்குப் பூசை. அரைக்கும் எந்திரத்துக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு, லோரிக்கு ஒரு பொட்டு. வறுக்கும் எந்திரத்துக்கு முன்பெல்லாம் அதன் இரும்பு நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். மிளகாய் முதலில் கருகிய அந்த வாரம்தான் தகரம் போட்டு மூடினார்கள், அதில் அந்த இடம் மறைந்துவிட்டது. இப்போது எந்திரத்துக்கு முகம் என்று இருப்பது என் திரைதான். அக்கா முந்தானையால் அதைத் துடைத்தார். எழுத்தும் படமும் இல்லாத இடமாகப் பார்த்து, கோட்டின் வலது ஓரத்தில், சந்தனம் ஒன்று வைத்தார். நூற்றிருபது. அதன்மேல் குங்குமம் ஒன்று வைத்தார். நூற்றுமுப்பது.

கண்காணிக்க வந்த முதலாளி அப்போது கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் கண்ணை மூடியிருந்தார். பார்த்தது நான் மட்டும். சூட்டைக் காட்டும் எண்ணைச் சிறியதாக, சாம்பல் நிறத்தில் போட்டவளும் நான்தான். அப்போது அது பார்க்க அழகாக இருந்தது. பிரகாஷ் சொன்ன மாதிரி எண்ணைப் பழையபடி இறக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு கொமுட்டர் ஏறியிருக்கலாம். அன்றைக்கு மிளகாய் கருகாது. ஆனால் முன்பு கருகிய மூன்று வாரமும் அக்கா பேரிலேயே நிற்கும். பயமாகத்தான் இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினேன். பொட்டைத் துடைத்துவிட்டு அவரையே வைக்கச் சொன்னேன். வைத்தார். எண் தாவியது. அக்கா செய்யவில்லை, தப்பு என்னுடையது, நான் வைக்க வேண்டிய அமைப்பை வைக்காமல் விட்டேன் என்று சொன்னேன்.

முதலாளி விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். அக்காவிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, பாதி அவர்மேல், பாதி என்மேல். வேறு ஆள் பேச்சு மட்டும் அத்தோடு நின்றுபோனது. எந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பூசைய நிறுத்தச் சொல்லிடாதம்மா. அதத் தவிர எத வேணும்னாலும் மாத்திக்க."

தொட்டால் எழுதும்

மாற்றினேன். கோட்டைத் தொட்டால் குமிழ் நகராது. குமிழை இழுத்தாலும் "மாற்றவா?" என்று ஒரு தடவை கேட்கும். எண்ணைப் பெரிதாக, கறுப்பில் போட்டேன். திரையின் மேல் மூலையில் ஒரு காலிச் சதுரம் விட்டேன், எங்கே தொட்டாலும் ஒன்றும் ஆகாத இடம், பொட்டுக்கு. பிரகாஷ் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் முதலாளி மற்ற இரண்டு எந்திரத்தையும் எங்களுக்கே கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சதுரம் தன்னுடைய யோசனை என்று பிரகாஷ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதிய திரையை முதலில் செல்வி அக்காவுக்குத்தான் காட்டினேன். இனி யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது, எந்த எண்ணை எப்போது யார் மாற்றினாலும் தெளிவாகப் பதிவாகும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அக்கா சதுரத்தில் பொட்டு வைத்தார். எண் அசையவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று திரையை மேலும் கீழும் பார்த்தார். மூன்று வாரம் தன்னைப் பொய்க்காரி ஆக்கிய திரையை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "தொட்டா எழுதிக்குது, சரிம்மா. நான் தொடலன்னு சொன்னேனே, அத எங்க எழுதிக்கும்?"

இந்தத் தொழிலுக்கு வந்து ஸ்லைடரின் அமைப்புகளை ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன், அக்கா கேட்டது மட்டும் அதில் இல்லை.