தேங்காய் நார்க் கரடி

பெரியவளே, சின்னவனே, போன வாரம் பாடப்புத்தகத்தில் கரடிப் படத்தைக் காட்டி, "அப்பா, நீ நெஜக் கரடியப் பாத்திருக்கியா?" என்று கேட்டீர்கள். பார்த்ததில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் கரடியாக இருந்திருக்கிறேன். சோறு ஆறிக்கொண்டிருந்ததால் அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதிவைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அந்தக் கோடையில் கல்வராயன் மலைக்காடு எரிந்தது. எங்கள் கொல்லையில் நின்றால் பகலில் புகை தெரியும். இருட்டியதும் மலைமேல் ஒரு நெருப்புக் கோடு மெதுவாக நகர்வது தெரியும். நெருப்பு அடங்கியபோது அருவிக்குப் போகிற பாதையின் மரக் கைப்பிடி, வனத்துறை வளர்த்து வைத்திருந்த நாற்றங்கால், அதைச் சுற்றியிருந்த வேலி எல்லாம் சாம்பல்.

என் சித்தப்பா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிறகு யாரையும் கேட்காமல் திரும்பப் போய், முதல் மழைக்குள் ஒரு லாரி மரக்கன்றும் வேலிக் கம்பியும் எங்கள் ஊர் கொண்டுவந்து தரும் என்று வனத்துறை அதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்கு அது பிறகுதான் தெரியும்.

அப்பா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே சொன்னார்: "கெணறு வெட்டுனான், பாதி. கோழிப்பண்ணை வெச்சான், பாதி. இப்ப மலையில பாதி நடப்போறான்."

சித்தப்பாவின் காது சிவந்துபோயிற்று. மழை வருவதற்குள் கன்று போகாவிட்டால் மலைக்கு ஒரு வருஷம் வீண். சித்தப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க அப்பாவின் பேச்சு.

தகர உண்டியலோடு முதலில் அவர் தனியாகத்தான் போனார். ஒரு வீட்டில், "மலை எரிஞ்சா மலைக்காரங்க பாத்துக்குவாங்க" என்றார்கள். இன்னொரு வீட்டில், "எங்கூட்டுக் கூரையே ஒழுகிக்கினு இருக்குது, ஒனக்குக் காடு கேக்குதா?" என்றார்கள். அப்போதுதான் அவருக்குக் கரடி யோசனை வந்தது. காட்டைப் பற்றிச் சொன்னால் கேட்கமாட்டார்கள், காடே வந்து கேட்டால் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு.

கரடி வேஷம் தைக்க உரச் சாக்கு வழுக்கும் என்று சணல் சாக்காகத் தேடினார். நான்குதான் கிடைத்தன. அந்த அளவுக்குள் அடங்குகிற ஆள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். தையல்காரர் தைத்துக் கொடுக்க, அதன்மேல் கறுப்புச் சாயத்தில் முக்கிய தேங்காய் நாரைக் கொத்துக் கொத்தாகக் கட்டினார்கள். மூக்குக்குக் கொட்டாங்கச்சி. லாரியில் என்னையும் மலைக்குக் கூட்டிப்போய் என் கையால் ஒரு கன்று நடவைப்பதாகச் சித்தப்பா சத்தியம் செய்தார். கூலி அவ்வளவுதான்.

முதல் நாள் எங்கள் தெருவிலேயே தொடங்கினோம். சித்தப்பா டின்னைத் தட்டிக்கொண்டு, "காடு எரிஞ்சிபோச்சு, குந்த எடமில்லாம கரடி ஊருக்குள்ள வந்துட்டுது, ஒரு கன்னுக்குக் காசு போடுங்க" என்று கத்தினார். பிள்ளைகள் ஓடின. நாய்கள் ஓடவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். உண்டியலைப் பார்க்காமல் நேராக என் முதுகுப் பக்கம் போய் ஒரு கொத்தைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இன்னாக்கா பண்ற?" என்றார் சித்தப்பா.

"பையன் தூக்கத்துல அலறிக்கினே இருக்கான்பா. கரடி முடி கட்டுனா நின்னுடும்."

நம் பக்கத்தில் அது வழக்கம். பயந்து அலறும் பிள்ளைக்குக் கரடி முடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். கரடி கொண்டுவந்து ஆட்டுகிறவர்கள் வராமல் போனபின் முடிக்குப் பெரிய பஞ்சம்.

"அக்கா, இது தேங்கா நாருக்கா. உள்ள இருக்கறது எங்கண்ணன் பையன்."

"நான் இன்னா சும்மாவா கேக்கறன்? குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. நாருன்னு ஏன் பொய் சொல்ற?" என்று ஒரு நோட்டை உண்டியலில் திணித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்து வரிசை. சித்தப்பா நார் நார் என்று சொல்லச் சொல்ல, ஆள் நல்ல முடியைப் பதுக்குகிறான் என்று பேச்சுப் பரவிற்று. எங்கோ களமருதூரிலிருந்து ஒருத்தர் பஸ் ஏறி வந்தார். வந்தவர் மரியாதையாக என் முன் நின்று, "கொஞ்சம் திரும்புங்க" என்றார். கரடியை 'நீங்க' என்று பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிடுங்கப் பிடுங்க என் மார்பு சொட்டையாயிற்று. பிறகு தோள். சாக்கு திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அதற்கும் பலன் இருந்தது. தூரத்தில் பார்க்கிறவர்கள், "ஐயோ பாவம், நெருப்புல வெந்துபோச்சு பாரு" என்று கூடக் கொஞ்சம் போட்டார்கள். வேர்வையில் சாயம் இறங்கியதால் வேஷத்தைக் கழற்றினாலும் நான் பாதிக் கரடிதான். அம்மா என்னைக் களத்தில் நிறுத்தி வைக்கோலால் தேய்த்தாள்.

நைனார்பாளையம் கடைத்தெருவில் நின்றிருந்தபோது காக்கிச் சட்டையில் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். வனக்காவலர்.

"கரடி முடி விக்கறதா தகவல் வந்திருக்குது. யாருய்யா அது?"

கரடி முடி விற்றால் கேஸ். கேஸ் என்றால் உண்டியலும் பிடிபடும். கன்று, வேலி, கொடுத்த வாக்கு எல்லாம் அதோடு போகும். மேற்கே மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது.

"சார், எல்லாம் தேங்கா நாருங்க. ஒங்க காட்டுக்குத்தான் வசூல் பண்றோம்" என்றார் சித்தப்பா.

அத்தோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்களைக் காப்பாற்றக் கூட்டம் முன்னே வந்தது.

"அவரு பயந்துக்கினு சொல்றாரு சார். நல்ல அசல் முடி. எம் பையன் ரெண்டு நாளா அசையாம தூங்கறான்."

"எம் பேத்திக்கு ஜொரமே எறங்கிடுச்சுங்க. நாருக்கு ஜொரம் எறங்குமா?"

"நாருன்னு சொன்னவன் வாயில மண்ணு விழ" என்று ஒருவர் சொல்ல, சித்தப்பா தலையில் கைவைத்துக் கொண்டார்.

வனக்காவலர் என்னைப் பார்த்தார். "தலையக் கழட்டுடா." கழற்றினேன். "யாரு நீ?"

"அஞ்சாவது போகப்போறேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. என் தோளிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி, தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்தினார். அசல் முடியென்றால் சுருண்டு நாறும். இது கயிறு எரிகிற மாதிரி எரிந்தது. எரிந்த வேகத்தில் ஒரு பொறி என் வயிற்றில் விழுந்து நார் பற்றிக்கொள்ள, டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுகிற தண்ணீரை முழு வாளியாக என்மேல் ஊற்றினார். காட்டுத்தீக்கு வசூல் பண்ணப் போன கரடி கடைத்தெருவில் தீப்பிடித்தது என்று ஊரில் பல வருஷம் பேசினார்கள்.

"நாருதான்" என்றார் வனக்காவலர், எல்லோருக்கும் கேட்கும்படி. "போங்க, போங்க." இவருக்கு முடி பார்க்கத் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது.

அவர் மொபெட்டைக் கிளப்பினார். ஆனால் போகவில்லை. அணைத்துவிட்டுச் சித்தப்பாவின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "எம் பொண்ணு தூக்கத்துல எழுந்து உக்காந்துக்குதுப்பா. யாரையும் அடையாளம் தெரியல. ஒரு நாலு இழை குடு" என்றார்.

இத்தனை நாளும் நார் நார் என்று தொண்டை கட்டக் கத்திய சித்தப்பா இப்போது அதைச் சொல்லவில்லை. என்னைச் சுற்றி வந்து, நனையாத இடமாக, கக்கத்துக்குக் கீழே தேடி, நல்ல கொத்தாகப் பார்த்து எடுத்தார். காகிதத்தில் மடித்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"சித்தப்பா, அது தேங்கா நாருதான? அவரே கொளுத்திப் பாத்தாரே?" என்றேன் நான். சித்தப்பா கரடித் தலையை எடுத்து என் தலையில் அழுத்திக் கவிழ்த்தார். உள்ளே இருட்டு. உண்டியலில் ஏதோ விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கன்றுகள் மழைக்கு முன்னால் மலையேறின. லாரியிலிருந்து முதல் ஆளாக இறங்கி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டவர் அப்பா. எனக்கு ஒரு நாவல் கன்று கிடைத்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் தீக்குச்சி வனக்காவலரின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கொளுத்திப் பார்த்து நார் என்று தெரிந்தபின் அதையே கேட்டு வாங்கிப் போனவரைவிடப் பெரிய ஏமாளி உண்டா என்று நினைத்தேன். சித்தப்பா மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்ததே இல்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் மரவள்ளி ஏற்ற வண்டியோடு மலைக்குப் போனேன் அல்லவா? லோடு தாமதமானதால் அன்று நாங்கள் கன்று நட்ட சரிவுவரை நடந்தேன். இப்போது அங்கே நிழல். ஒரு நாவல் மரத்தின் பட்டையில் நெஞ்சு உயரத்துக்கு நகக் கீறல்கள் இருந்தன. வெடிப்பில் நீளமான கறுப்பு முடிகள் சிக்கியிருந்தன. முகர்ந்து பார்த்தேன். கொளுத்திப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத நாற்றம்.

சின்னவனே, அந்த வாரம்தான் நீ நடுத்தூக்கத்தில் எழுந்து, என்னை யாரென்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தாய். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாருமில்லை. இரண்டு முடிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு வந்தேன். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. மொபெட்டை அணைத்துவிட்டுத் திரும்பி வந்த அந்த வனக்காவலர் நினைவுக்கு வந்தார்; அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். இறங்கி அவ்வளவு தூரமும் திரும்ப நடந்துபோய், அந்த இரண்டையும் எடுத்த வெடிப்பிலேயே விரலால் செருகிவைத்துவிட்டு வந்தேன்.