மேவிஸ் நட்ட பலகை

கடப்பாரையை ஓங்கி உறைந்த மண்ணில் குத்தினார் மேவிஸ் கோவல்சுக். குழி விழுந்ததும் தேர்தல் பலகையின் காலைச் செருகி, சுத்தியலால் நாலு போடு போட்டார். "நில்லு, சனியனே!" காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டி முடித்துவிட்டால், தேர்தல் முடியும்வரை சஸ்காட்செவான் மாகாணத்தின் அந்த நெடுஞ்சாலை ஓரம் அவர் ராஜ்ஜியம்.

எழுபதை நெருங்கும் வயது. கணவரின் பழைய கோட்டு, காதை மூடும் தொப்பி, பை நிறைய வறுத்த சூரியகாந்தி விதை. கோபம் ஏற ஏறத் தோலைத் துப்பும் வேகமும் ஏறும். இந்த வாரம் அவர் நடந்த இடமெல்லாம் தோல்தான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? புல்வெளி உழவர் கட்சி, அவர் தந்தை கடுங்குளிரில் குதிரைச் சறுக்குவண்டி கட்டி, பண்ணை பண்ணையாகப் போய் ஆள் சேர்த்த கட்சி. புதிய தலைவர் கிரேடன் பிளைத் வந்ததும் வராததுமாக 'உழவர்' என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டார். நகரத்து ஓட்டுக்கு அது இடைஞ்சலாம்! புதுப் பலகையில் 'புல்வெளிக் கட்சி', பக்கத்தில் பல்வரிசை தெரிய அவர் படம். கட்சி அனுப்பியதை நட்டே பழகியவர் மேவிஸ். திட்டிக்கொண்டே நட்டார்.

"மொதல் தலைவரு எங்க வீட்டுத் தரையிலதான் படுப்பாரு. அடுத்தவரு தோத்துட்டு வந்து எங்க அடுப்படியில அழுதாரு. மூணாவது ஆளு பெரிய கம்பெனில போய் உக்காந்துகிட்டான். இந்தப் பய பேரையே வித்துட்டான்!"

அந்தப் பயலே அன்று மேவிஸ் வீட்டு முன்னால் காரில் வந்து இறங்கினார், புகைப்படக்காரரோடு. மேவிஸின் சொந்த நிலத்தில் நிற்கும் பலகை முன்னால் படம் வேண்டுமாம். சொந்த நிலத்தில் பலகை நின்றால் அந்த வீட்டு ஓட்டு யாருக்கு என்று ஊருக்கே தெரியும்.

"மேவிஸ்! நீங்க இல்லாம கட்சியே இல்ல!"

"எந்தக் கட்சி?"

"அட, அது வெறும் ஒரு வார்த்தைதானே."

"வெறும் வார்த்தையா? அப்ப உன் பேரை எடுத்துட்டுப் பலகை அடியேன், பாப்போம்!"

புகைப்படக்காரர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிளைத் மட்டும் சிரிப்பை விடவில்லை. "சரி சரி, படத்துல கோவம் வேணாம்" என்று மேவிஸ் தோளில் கை போட்டார்.

மேவிஸ் அந்தக் கையை உதறினார். பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, மூச்சு வாங்கப் பிடுங்கினார். காரின் பின்கதவைத் திறந்தார். அப்பழுக்கில்லாத அந்த இருக்கையில், காலில் ஒட்டிய மண்கட்டியோடு, பலகைத் தலைவரைப் படுக்க வைத்துக் கதவை அறைந்து சாத்தினார்.