முசே நம்பிய சத்தம்

மீன்தொட்டியின் மூலையில் கரண்டியால் தட்டினால் எழும் மெல்லிய "ணங்" சத்தத்தை நான்தான் பொய்யாக்கினேன். கண் தெரியாத ஒரு மீன் என் தங்கை ரோசலிமேல் வைத்திருந்த நம்பிக்கையை, பன்னிரண்டு வயதில், தெரிந்தே கெடுத்தேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு புதுச்சேரியில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. அப்பா கணக்கெழுதிய கடையின் முதலாளியம்மா, நாங்கள் "மதாம்" என்று அழைத்தவர், புறப்படும்போது தன் மீன்தொட்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பு மீன்கள் சில, கறுப்பு ஒன்று. கறுப்புக்குக் கண்கள் நாவற்பழம்போல வெளியே பிதுங்கியிருக்கும். ரோசலி அதற்கு, வெள்ளைக்காரத் துரைகளை அழைப்பதுபோல, "முசே" என்று பெயரிட்டாள்.

அதற்குக் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ரொட்டித் துணுக்கு விழுந்தால் மற்றவை பாயும். முசே, துணுக்கு மூக்கில் இடித்த பிறகே வாயைத் திறக்கும். கண்ணாடியருகே விரலை ஆட்டினால் ஒதுங்காது. இடம் மாறிய கல்லில் போய் முட்டிக்கொள்ளும்.

"இம்மாம் பெரிய கண்ண வச்சிக்கிட்டு தெரியாதாமா? சோம்பேறிடி அது," என்றேன்.

"உனக்குந்தான் ரெண்டு கண்ணு இருக்குது. தேடுன பென்சில் என்னிக்காவது கெடச்சிருக்கா?"

கூரான கற்களை எடுத்தெறிந்தாள். மிச்சத்தை யாரையும் அசைக்கவிடவில்லை. மற்ற மீன்களுக்கு ஒரு பக்கம் தீனி போட்டுவிட்டு, எதிர் மூலையில் தட்டி, முசேவுக்கு அங்கேயே ஊட்டினாள். நாளடைவில், தட்டியதும் முசே கண்ணாடியை ஒட்டியே நேராக வந்தது. அதைப் பார்க்கத் தெருவே வந்தது. விருந்தாளிகள் முன்னால் அப்பா அவளை நிறுத்திவைத்துப் பெருமை பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் ஞானோபதேச வகுப்புக்குப் போன ஒரு மதியம் நான் தட்டினேன். முசே வந்து, வெறும் தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து தேடியது. பிறகு அவள் இல்லாத போதெல்லாம் தட்டினேன். வந்ததைக் கரண்டியால் விரட்டவும் செய்தேன்.

கடைசியில் அவள் தட்டியபோதும் அது கல்லுக்குப் பின்னால் பதுங்கியது. "முசே, நாந்தான்," என்று தண்ணீரிடம் கெஞ்சினாள். தீனி எடுக்காமல் மீனின் வயிறு ஒட்டிப்போயிற்று. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னேன், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மீன் வெளியே வரவில்லை. பிறகு ரோசலியிடமே ஒப்புக்கொண்டேன். அவள் அழவில்லை. "ஏண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

ஈர்க்குச்சி நுனியில் ரொட்டியைக் குத்தி, தட்டாமல், அதன் வாயருகே மெதுவாகக் கொண்டுபோனேன். பள்ளிக்குப் போகுமுன்பும் வந்தபின்பும் அதே வேலை. ஒதுங்கி ஒதுங்கிப் போனது, ஒருநாள் கவ்விக்கொண்டது. பிழைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ரோசலியை அழைத்துவந்தேன். அவளுக்கு அது பழையபடி வரவேண்டும். ஆசையாகக் கரண்டியால் தட்டினாள். முசே மிரண்டு பாய்ந்து கண்ணாடியில் மோதியது.

கரண்டியை என் கையில் வைத்தாள். "நீயே வச்சிக்கோண்ணா."

அது சாகும்வரை என்னிடமே தின்றது. அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்த வீடு இன்று தங்கும் விடுதி. ரோசலி பிரான்சில் இருக்கிறாள். சென்ற வருஷம் பேரனோடு வந்திருந்தபோது, அவனுக்கு மீன் வாங்கித் தருகிறேன் என்று இருவரையும் மீன்கடைக்கு அழைத்துப்போனேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க போய்ட்டு வாங்கண்ணா. நான் இங்கியே நிக்கிறேன்," என்றாள், நல்ல வெயிலில்.