வளையம் இல்லாத தாத்தா நாடா

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இப்போதும் அப்படித்தான். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள். ஆனால் அந்த நாடாவை இயந்திரத்தில் மாட்டியது இந்தக் கைதான்.

எழுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை, அதில் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. ஊரே வெயிலில் வேகும், எங்களுக்கு மட்டும் ஏ.சி. தினக்கூலி ஆட்களின் வருகை, துளையிட்ட அட்டைகளாக வந்து காந்த நாடாவில் ஏறும். புதிய நாடா மகன், போன வாரத்தது அப்பா, மாத ஆரம்பத்தில் ராயபுரம் கிடங்குக்கு அனுப்பிப் பூட்டி வைப்பது தாத்தா. இங்கே தீப்பிடித்தாலும் தாத்தா பிழைத்துக்கொள்வார் இல்லையா, அதற்காக. சுருளின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் இயந்திரம் அதில் எழுதும், கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். தாத்தாவுக்கு வளையமே கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை, மின்சாரம் போய் வந்ததில் மகன் நாடா சிக்கிக் கிழிந்துவிட்டது. கூட வேலை பார்த்த ஆரோக்கியம் அவசரமாக அப்பாவை மாட்டினான், வளையத்தைக் கழற்ற மறந்தான், அதன் மேலேயே எழுதி அழித்துவிட்டான். திங்கட்கிழமை, வேலை நாட்களைப் பூர்த்தி செய்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அச்சாக வேண்டும். பழைய அட்டைகளையோ எடைக்குப் போட்டாயிற்று.

"மாமு, என் வேல போனா போவுது. அத்தினி பேரு வவுத்துல அட்ச்சிட்டனே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பாவமாக இருந்தது.

வேனை எடுத்துக்கொண்டு டோல்கேட் வழியாக நானே ராயபுரம் போனேன். பூட்டின் மேல் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. மாத ஆரம்பம் வரையிலாவது கிடைக்கும், மிச்சத்தை மேஸ்திரிகளைக் கேட்டு ஒப்பேற்றலாம் என்று நினைத்துக்கொண்டு வந்து மாட்டி அச்சடித்தால், நம்பினால் நம்புங்கள், நேற்று வெள்ளிக்கிழமை வரை எல்லோருடைய வருகையும் அதில் இருக்கிறது!

சுருளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன், வளையம் இல்லை. கிடங்கில் எழுதுவதற்கு இயந்திரமும் இல்லை. ஒருவேளை யாராவது சுருளை மாற்றிவிட்டார்களோ என்று அதன் எண்ணைப் பார்த்தேன், அதே எண்தான். எனக்குப் பயம் வரவில்லை, எப்படி எப்படி என்று மண்டைதான் குடைந்தது. மேஸ்திரிகளைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினோம், எல்லாம் சரி என்றார்கள்.

ஏழுமலை பெயரைத் தவிர. அவன் மீனவக் குப்பத்து ஆள், ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் படகில் கடலுக்குப் போவான். இரண்டு ஞாயிறுக்கு முன்னால் அலை கொண்டுபோய்விட்டது, மறுநாள் உடல் கரை ஒதுங்கியது, அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். நாடாவில் அதற்குப் பிறகும் அவன் ஒரு நாள்கூட விடாமல் வேலைக்கு வந்திருந்தான், இந்தப் புதன்கிழமை வரை. வியாழனும் வெள்ளியும் வரவில்லை. கூட்டிப் பார்த்தேன். புதன்கிழமையோடு அவனுக்கு நாள் பூர்த்தியாகியிருந்தது.

மேனேஜரிடம் சொன்னோம். "ஒரு பேரைச் சந்தேகப்பட்டா மொத்த டேப்பையும்தான் சந்தேகப்படணும். மத்தவங்களுக்கெல்லாம் யார் பதில் சொல்றது? அப்படியே அச்சடிங்க" என்றார்.

நாள் பூர்த்தியானவன் செத்தால் மனைவிக்கு வேலை தருவது அங்கே வழக்கம். ஏழுமலையின் மனைவி ரஞ்சிதத்துக்குக் கேன்டீனில் வேலை கிடைத்தது. நாடா விஷயம் எங்கள் அறையைத் தாண்டவில்லை, அவளிடம் நான் மூச்சே விடவில்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணா, அவுரு போனப்பறமும் அவுரு காக்கி சட்டைய தொவச்சி ஆணில மாட்டி வச்சிருந்தேன். தெனம் சாயங்காலம் பாத்தா புதுசா கிரீஸ் கற கீது. நானும் தெனம் தொவச்சிகினே இருந்தேன்."

"எதுவரைக்கும்மா?" என்றேன்.

"ஒரு பொதன்கெழமையோட நின்னு பூட்ச்சிண்ணா. வியாயக்கெழம சாயங்காலமும் சோப்ப எட்த்து வச்சிகினு குந்திகினு இருந்தேன்."