என் வீட்டுக்காரரின் ரத்தக் கொழுப்பு

வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். என் வீட்டுக்காரரையும் வெறும் வயிற்றோடு அழைத்துப் போனேன். விரல் நுனியில் ஒரு குத்துதான். ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, செல்போன் அளவுக் கருவியில் செருகினார் நர்ஸ். ரத்தத்தில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்று சில நிமிடங்களில் காட்டிவிடுமாம்.

என்னுடையது சரியாக இருந்தது. அவருக்கு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மட்டும் கருவி அளக்கும் எல்லையையே தாண்டியிருந்தது.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?"

"பச்சைத் தண்ணிதாம்மா."

நர்ஸ் என்னிடம் திரும்பினார். "எண்ணெய்ப் பலகாரம் ஜாஸ்தியானாலும், குடிச்சாலும் இப்படி ஏறும். லேப்ல ஒருக்கா பாத்துடுங்க."

குடிச்சாலும் என்ற சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. அவரிடம் அந்த வாசனையை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலக்கடலைக் கொல்லைக்குப் போகிறார். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கெப்படித் தெரியும்? விடியற்காலை ரமணாசிரமம் வரை நடந்துவிட்டு வர இரண்டு மணி நேரம் எதற்கு? வழியெல்லாம் டீக்கடை. நான் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றிச் சமைக்க, இவர் வெளியே வடையும் போண்டாவும் தின்கிறாரா?

அந்த வாரம் அவர் சட்டைகளைத் துவைக்கும் முன் முகர்ந்து பார்த்தேன். கைக்குட்டையில் எண்ணெய்க் கறை தேடினேன்.

"வெளியில என்ன சாப்பிடுறீங்க?"

"டீ. அதுவும் சர்க்கரை இல்லாம."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். செங்கம் ரோட்டில் ஒரு கடையில் நின்றார். நான் ஒரு வேன் மறைவில் நின்றேன். மாஸ்டர் சட்டியிலிருந்து வடையை அரித்துத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். இவர் டீயைக் குடித்தார். கிளாஸ் காலியான பிறகும் தட்டையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காசைக் கொடுத்துவிட்டு நடந்தார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

முகாம் முடிந்த ஒரு வாரத்தில் லேபில் அவர் கை நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். எல்லாக் கொழுப்பும் அளவாகவே இருந்தது. சந்தோஷப்படாமல், பயத்தில் ஒரு வாரம் ஒழுங்காக இருந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அடுத்த சந்தேகம் முகாம் மேல். மாத்திரை விற்கத்தான் இப்படிக் கூட்டிக் காட்டுகிறார்களோ? லேப் காகிதத்தோடு முகாம் நர்ஸைத் தேடிப் போனேன்.

"மெஷின் பொய் சொல்லுதா, இவர் பொய் சொல்றாரா?"

அவர் காகிதத்தை நிதானமாகப் படித்தார். "அன்னைக்கு சார் கையில ஏதாவது தடவியிருந்தாரா?"

அவர் தடவவில்லை. நான்தான் தடவினேன். கடலைச் செடி பிடுங்கி அவர் விரலெல்லாம் வெடித்திருந்தது. குத்தினால் எரியுமே என்று அன்று காலை கிளிசரின் தேய்த்துவிட்டிருந்தேன்.

"அதுதான். டிரைகிளிசரைடை உடைச்சு, அதுல வர்ற கிளிசரினைத்தான் இந்த மெஷின் கணக்குப் பண்ணும். தோல்ல இருந்ததும் ரத்தத்தோட கலந்துடுச்சு. நான் ஸ்பிரிட்ல துடைச்சது பத்தல. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லாதது என் தப்பு."

அதையும் நம்பவில்லை. எனக்குக் குத்திக் காட்டுங்கள் என்றேன். கிளிசரின் கலந்த கிரீமை என் இடது விரலில் தடவிக் குத்தினார். எல்லையைத் தாண்டியது. வலது கையைச் சோப்பால் கழுவித் துடைத்துக் குத்தினார். எப்போதும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். கிளிசரின் கதையைக் கேட்டுச் சிரித்தார். ஸ்கூட்டரில் பின்னால் வந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே."

"கேட்ட. நான் சொன்னத நம்பலையே."

இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினார். மூன்றாம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீயும் வா. நடந்தே வா."

போனேன். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ ஒன்று போட்டு நீட்டினார். எனக்கு என்ன வேண்டும் என்று என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.