அத்தை அழுத கதை

எங்கள் அத்தை அழுததாக ஒரு வாரப் பத்திரிகையில் கதை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நைனாவின் அக்கா அவள். மாமா கடலோடு போனபின் நெட்டுக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தாள். வண்ணாரப்பேட்டையில் வீடு வீடாக மீன் விற்பாள். அங்கே ஒரு வாடிக்கைக்கார அம்மா கதை எழுதுகிறவர். மீன் வாங்கும் சாக்கில் அத்தை பட்டதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டார். ஒருநாள் பத்திரிகையை நீட்டி, "உன் கதைதான், வீட்ல யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லு" என்றாராம்.

ஐந்தாம் வகுப்பிலிருந்த நான்தான் படித்தேன். கவுச்சி நாறுகிறது என்று கண்டக்டர் மீன்காரியைக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிறார். அதுவரை உண்மை. அப்புறம் கதையின் மீன்காரி நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுகிறாள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா கண்ணீரைத் துடைத்து ஆட்டோ ஏற்றிவிடுகிறார். வீட்டில் குடிகாரப் புருஷன் உதைக்கக் காத்திருக்கிறான்.

நடந்தது வேறு. அத்தை கூடையோடு பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளை ஏற்றிக்கொண்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. மாமாவோ சாராயத்தைத் தொட்டே பார்க்காதவர்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனாள்.

"இன்னாம்மா இது? செத்துப்போன மனுசன குடிகாரனாக்கி வச்சிகீற?"

"கதைதானேம்மா. அது நீ இல்ல."

"நான் இல்லன்னா என் கூடை எதுக்கு அதுல கீது? மீன்காரி புருசன்னா குடிச்சிதான் ஆவணுமா?"

"உங்க ஜனங்களுக்காகத்தானே எழுதினேன்" என்று அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். அதோடு அந்த வீட்டு வாடிக்கை போயிற்று. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அத்தை போட்ட சண்டையைக் குப்பமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நைனாவின் புதுப் படகு கடலில் இறங்கியது. அத்தை கூடை சுமந்து சேர்த்த பணமும் அதில் அடக்கம். பூசணிக்காய், கற்பூரம், மேளம் என்று எல்லோரும் கரைக்குக் கிளம்பினோம். அம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாலியறுத்தவள் புதுப் படகுக்கு எதிரே நிற்கக்கூடாதாம்! அந்தப் படகு கொண்டுவரும் மீனை மட்டும் அவள் விற்கலாமாம். என்ன நியாயம் இது?

நான் கதவைத் தட்டினேன்.

"அத்தே, அந்தம்மாவாண்ட போட்ட மாதிரி நைனாவாண்டயும் சண்ட போடு, வா."

"நீ போய் பாரு கண்ணு, நேரமாவுது."

உள்ளே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பஸ்ஸையே மறித்தவளுக்கு எங்கள் வீட்டுத் தகரக் கதவைத் திறக்க என்ன தயக்கம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.